பயத்தின் இடம்: ஹிப்போகாம்பஸ் பற்றிய சில வாசிப்புகள்

1

எங்கள் ஊரில் தொழிற்சங்க வேலைகளில் இருக்கிற ஒரு தோழர். ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வேலைநிறுத்தத்தின்போது அவரை ராத்திரியில் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் முழுசாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் காவல் நிலையம் பிற்பாடு வேறு இடத்துக்கு மாறிவிட்டது. கட்டடத்தில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிற கடை இருக்கிறது. ஆனாலும் அண்ணனால் அந்தத் தெருவுக்குள் நுழைய முடிவதில்லை. தெருமுனையில் ஒரு டீக்கடை. அதுவரை வருவார். நின்று ஒரு டீ குடிப்பார். அப்புறம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மார்க்கெட்டைச் சுற்றிப் போவார்.

ஒரு டாக்டரிடம் காட்டினார். ‘மூளைல பயத்தைக் கட்டுப்படுத்துற இடம் உங்களுக்குச் சரியா வேலை செய்யலைங்க. ராத்திரி இந்த மாத்திரையைப் போடுங்க’ என்றார் டாக்டர். சங்கத்தில் வேறு மாதிரிப் பேச்சு. ‘அவரு பயந்துட்டாருப்பா. பழைய ஆளா இல்ல.’ இதை அவர் காதுபடவே சொன்னார்கள். மாத்திரை போட்டும் அவருக்குத் தூக்கம் வராமல் போனது அதற்கப்புறம்தான்.

டாக்டரும் தோழர்களும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரிகிறது. ஒருவர் நோய் என்கிறார், மற்றவர்கள் கோழைத்தனம் என்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே அனுமானம்தான்: பயம் அவருக்குள்ளே இருக்கிறது. இரண்டிலுமே தெரு காணாமல் போய்விடுகிறது. தெருவில் நடந்ததும் அதோடு காணாமல் போய்விடுகிறது.

பயத்தையும் பதற்றத்தையும் பற்றி மூளை ஆய்வாளர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். எலியின் மூளையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஆய்வுக்கட்டுரையும் ஒரு பிரதிதான். அதிலும் பெயரிடுதல் இருக்கிறது, உருவகம் இருக்கிறது, எழுவாய் மறைந்த வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றை வாசிக்க எனக்குக் கொஞ்சம் பயிற்சி உண்டு. அதே சமயம் ‘அறிவியல் என்பதே அதிகாரச் சொல்லாடல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகவும் எனக்கு விருப்பமில்லை. பழைய சிற்றிதழ்க் கட்டுகளைப் புரட்டினால் அந்த வரி நிறையவே கிடைக்கும். அந்த வரியால் அண்ணனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

2

2018ஆம் ஆண்டு ‘நியூரான்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு. தலைப்பிலேயே ‘பதற்ற உயிரணுக்கள்’ என்ற தொடர் இருந்தது. மூளையில் பதற்றத்தின் உயிரணுக்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தியும் பரவியது.

அந்த உயிரணுக்கள் இருப்பதாகச் சொல்லப்பட்ட இடம் ஹிப்போகாம்பஸ். மூளையின் இரண்டு பக்கமும், பொட்டுக்கு உள்ளே ஆழத்தில், சுருண்டு கிடக்கிற பகுதி. 1587இல் அரான்ஸி என்கிற இத்தாலிய உடற்கூற்றாளர் அதன் வடிவத்தைப் பார்த்துக் கடற்குதிரையின் பெயரை வைத்தார். ஞாபகத்துக்கு இந்தப் பகுதி எவ்வளவு முக்கியம் என்பது 1953இல் ஓர் அமெரிக்க நோயாளிக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்கமும் அதை வெட்டியெடுத்தபோது தெரியவந்தது. ஹென்றி மோலைசன் என்கிற அந்த மனிதரால் அதற்குப் பிறகு 2008இல் சாகிறவரை நடந்தவற்றைப் புதிதாக நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1971இல் ஜான் ஓ கீஃபும் அவருடைய மாணவரும் எலியின் ஹிப்போகாம்பஸில் இட உயிரணுக்களைக் கண்டார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கிற உயிரணுக்கள் அவை. ஞாபகமும் இடமும் ஒரே கூட்டில் இருக்கின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

2018 சோதனை இதுதான். தரையிலிருந்து உயரத்தில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மேடை. நான்கு கைகள். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கைகள் திறந்தவெளி. சுண்டெலியை நடுவில் விடுகிறார்கள். சுண்டெலி சுவருள்ள பக்கமே பெரும்பாலும் ஒதுங்கும், அவ்வப்போது திறந்த பக்கம் எட்டிப் பார்க்கும். அதன் தலையில் பொருத்திய ஒரு சின்ன நுண்ணோக்கியின் வழியாக உயிரணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸின் கீழ்ப்பகுதியில் இருக்கிற கணிசமான உயிரணுக்கள், சுண்டெலி திறந்த கைக்குப் போகும்போது துடித்தன. அந்தப் பகுதியை ஒளியைப் பாய்ச்சி அடக்கினார்கள். சுண்டெலி திறந்தவெளியில் தாராளமாக உலாவியது. அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்குப் போகும் பாதையைத் தூண்டினால் சுவர்ப் பக்கம் ஒதுங்கியது. 

சோதனை துல்லியமானது. அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகம் பெயரில்தான். உயிரணு துடித்தது எங்கே? சுவரில்லாத, உயரமான, எங்கிருந்து வேண்டுமானாலும் பருந்தோ ஆந்தையோ இறங்கக்கூடிய ஓர் இடத்தில். அதை ‘ஆபத்தான இடத்தை அறியும் உயிரணு’ என்று சொல்லியிருந்தால்? ‘எச்சரிக்கை உயிரணு’ என்று சொல்லியிருந்தால்? செய்தி வேறு மாதிரி வந்திருக்கும். ‘பதற்றம்’ என்று பெயர் வைத்த கணத்தில் இடம் பின்னுக்குப் போய், சுண்டெலியின் தலைக்குள் ஒரு கோளாறு முன்னுக்கு வந்துவிடுகிறது.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறும் உண்டு. கூட்டல் குறி மேடை 1980களில் எலிகளுக்காக நிலைநிறுத்தப்பட்ட ஒரு சோதனை. அது பதற்றத்தைத்தான் அளக்கிறது என்பதற்குக் காட்டப்பட்ட முக்கியமான சான்று, வேலியம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தால் எலி திறந்தவெளிக்கு அதிகம் வருகிறது என்பது. அதற்குப் பிறகு ஒரு புது மருந்து பதற்றத்தைக் குறைக்குமா என்று பார்க்க இதே மேடையில் சோதிக்கிறார்கள். மாத்திரை சோதனைக்குச் சாட்சி. சோதனை மாத்திரைக்குச் சாட்சி. 1963இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து 1970களில் அங்கே மிக அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்றாக இருந்தது வேலியம். ‘பதற்றம்’ என்ற சொல்லின் ஆய்வகப் பொருளை வரையறுத்ததில் அந்தச் சந்தைக்கும் பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

3

ஆனால் இதே துறைக்குள் இதைவிட ஆழமான ஒரு வாசிப்பு முன்பே இருந்தது. ஜெஃப்ரி கிரே என்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் 1982இல் பதற்றத்தின் நரம்பியல் பற்றி ஒரு நூல் எழுதினார். 2000இல் நீல் மெக்நாட்டனோடு சேர்ந்து அதைப் பெரிதும் மாற்றி இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய இடம் எளிமையானது. மது, தூக்க மருந்துகள், வேலியம் வகை மாத்திரைகள் இவற்றைக் கொடுத்த எலிகளும், ஹிப்போகாம்பஸ் சேதமான எலிகளும் பல விஷயங்களில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. அப்படியானால் பதற்றத்துக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றார் அவர். ஹிப்போகாம்பஸில் விநாடிக்கு ஏறக்குறைய 4 முதல் 12 வரை எழுகிற ஒரு மின்னலை உண்டு. தீட்டா அலை என்பார்கள். பதற்றம் குறைக்கும் மருந்துகள் இந்த அலையின் வேகத்தைக் குறைக்கின்றன என்பது அவர்கள் வாதத்தின் முக்கியமான தூண். 2010இல் கொலம்பியாவில் நடந்த வேறொரு சோதனை, சுண்டெலி பதற்றமான சூழலில் இருக்கும்போது ஹிப்போகாம்பஸின் கீழ்ப்பகுதியும் முன்மூளையும் இந்த அலையில் ஒத்திசைந்து துடிப்பதைக் காட்டியது.

எனக்கு அலையைவிட முக்கியமாகப் பட்டது அவர்கள் பயத்தையும் பதற்றத்தையும் பிரித்த விதம். பூனை எதிரே நிற்கிறது, எலி ஓடுகிறது. அது பயம். பூனை இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கம்தான் சாப்பாடு இருக்கிறது, எலி போயாக வேண்டும். அங்கேதான் பதற்றம் வருகிறது. பயம் ஆபத்திலிருந்து விலகுவது. பதற்றம் ஆபத்தை நோக்கிப் போகவேண்டியிருக்கும்போது வருவது. போகவும் வேண்டும், போகவும் கூடாது. இந்த முரணை ஹிப்போகாம்பஸ் கண்டுகொள்கிறது. உடலை நிறுத்தி வைக்கிறது, சுற்றுமுற்றும் பார்க்க வைக்கிறது, பழைய ஞாபகங்களைப் புரட்டுகிறது. கிரேயின் கோட்பாட்டைச் சுருக்கினால் இப்படித்தான் சொல்ல முடியும்.

இந்தப் பிரிவினைக்கு ஹவாயில் ராபர்ட் பிளான்சர்டும் கரோலின் பிளான்சர்டும் செய்த சோதனைகள் ஆதாரமாக இருந்தன. வளைகளோடு கூடிய ஓர் எலிக்குடியிருப்பைச் செய்து, அதன் திறந்தவெளியில் ஒரு பூனையைக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்துவிட்டார்கள். எலிகள் வளைக்குள் ஓடின. பூனை போன பிறகும் பல மணி நேரம் வெளியே வரவில்லை. அப்புறம் ஒன்று தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். உள்ளே போகும். மறுபடி உடம்பை நீட்டி மோந்து பார்க்கும். அவர்கள் இதற்கு ‘ஆபத்தை மதிப்பிடுதல்’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். நோயின் வாடை அதில் இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. போக விருப்பமே இல்லாத பிராணிக்குப் பதற்றம் கிடையாது. அது ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். பதற்றம் வருவது போக நினைக்கிற பிராணிக்கு. நம் இயக்கங்களில் கை நடுங்குகிறவனை வெளியேறத் தயாரானவனாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். கிரேயின் வாசிப்பில் அவன் இன்னும் உள்ளே வர விரும்புகிறவன். ஏற்கெனவே வெளியேறிவிட்டவர்கள் நடுங்குவதில்லை, சௌகரியமாக இருக்கிறார்கள்.

4

இனி இடத்துக்கு வருவோம். 1992இல் ஒரே வருடத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று கிம், ஃபான்செலோ இருவருடையது. இன்னொன்று ஃபிலிப்ஸ், லடூ இருவருடையது. ஒரு கூண்டில் எலியை விட்டு, ஓர் ஒலியை எழுப்பி, காலடியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். எலி அப்புறம் இரண்டு விஷயங்களுக்கு உறைந்துபோகிறது. அந்த ஒலிக்கு, பின் அந்தக் கூண்டுக்கு. ஒலியே இல்லாவிட்டாலும் அதே கூண்டில் விட்டால் அசையாமல் நிற்கிறது. அமிக்டலாவைச் சேதப்படுத்தினால் இரண்டு பயமும் போகிறது. ஹிப்போகாம்பஸைச் சேதப்படுத்தினால் ஒலிமீதான பயம் இருக்கிறது, கூண்டின்மீதான பயம் மட்டும் போய்விடுகிறது. கிம், ஃபான்செலோ சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. மின்சாரம் பாய்ச்சிய மறுநாளே ஹிப்போகாம்பஸைச் சேதப்படுத்தினால்தான் கூண்டின் பயம் அழிகிறது. 28 நாள் விட்டுச் செய்தால் பயம் அப்படியே இருக்கிறது. அதற்குள் அது மூளையில் வேறு இடங்களிலும் வேர்விட்டுவிடுகிறது.

ஒலி என்பது ஒற்றை அடையாளம். கூண்டு அப்படியில்லை. அதன் வாடை, வெளிச்சம், தரைக் கம்பிகள், மூலைகள் எல்லாம் சேர்ந்து ‘இங்கே’ என்பதாகிறது. அப்படிச் சேர்த்துக் கட்டுவதுதான் ஹிப்போகாம்பஸின் வேலை. அண்ணன் விஷயத்தில் காக்கிச் சட்டை ஒலியைப் போன்றது என்றால் தெரு கூண்டைப் போன்றது. காக்கிச் சட்டை அங்கிருந்து போய்விட்டது. தெரு இருக்கிறது.

இந்த ஆய்வுக்கட்டுரைகளின் மொழியைக் கவனித்தால் ஒன்று தெரியும். ‘எலிகளுக்கு மின்னதிர்ச்சி வழங்கப்பட்டது.’ செயப்பாட்டு வினை. கொடுத்தவர் வாக்கியத்தில் இல்லை. துறையின் எழுத்து மரபு அப்படி என்பார்கள். சரி. காவல்துறைக் குறிப்புகளின் மரபும் அப்படித்தான்: ‘விசாரணைக்காக அழைத்து வரப்பட்டார்.’ நான் இரண்டையும் சமமாக்கவில்லை. ஆனால் எழுவாய் இல்லாத வாக்கியத்தில் பயம், பயப்படுகிறவரின் குணமாக மட்டுமே மிஞ்சும் என்பது இலக்கண விஷயம்.

எழுவாய் ஒளியாமல் நிற்கிற ஒரு பழைய கதை உண்டு. ஜெனிவாவில் எடுவார் கிளாப்பரேட் என்கிற மருத்துவர் 1911இல் எழுதியது. அவரிடம் ஞாபகசக்தியை இழந்த ஒரு பெண் நோயாளி இருந்தாள். ஒரு நாள் அவர் தன் விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவள் கையைக் குலுக்கினார். குத்தியது அவள் ஞாபகத்தில் நிற்கவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் கையை நீட்டியபோது அவள் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பாடப்புத்தகங்களில் இந்தக் கதை இரண்டு வகை ஞாபகம் உண்டு என்பதற்குச் சான்றாக வருகிறது. உண்மைதான். 1995இல் பெச்சாராவும் மற்றவர்களும் செய்த ஆய்வும் அதைத்தான் காட்டியது. அமிக்டலா சேதமான ஒருவருக்கு எதன்பின் அதிரும் சத்தம் வந்தது என்று சொல்லத் தெரிந்தது, ஆனால் உடம்பு பயப்படவில்லை. ஹிப்போகாம்பஸ் சேதமான ஒருவருக்கு உடம்பு பயந்தது, ஆனால் எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

கிளாப்பரேட் கதையை நான் வாசிக்கும்போது கண்ணில் பட்டது வேறு. கை நீட்டியவர் மருத்துவர். ஊசியை வைத்திருந்தவரும் அவர்தான். அந்தப் பெண்ணின் உடம்பு சரியான ஆளிடம், சரியான காரணத்துக்காகப் பின்வாங்கியது. அவளுக்கு இல்லாமல் போனது அதைச் சொல்லும் வாய்ப்பு. ஹிப்போகாம்பஸ் உடம்பின் பயத்துக்கு எங்கே, எப்போது, யாரால் என்பவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறது. பயத்துக்கு ஒரு கதை கிடைப்பது அப்போதுதான். கதை இருக்கிற பயத்தைப் பற்றி வழக்காடலாம். கதையில்லாத பயத்துக்கு மாத்திரைதான் கிடைக்கும்.

5

‘அதெல்லாம் சரி. ஒரே தெருவில் அடி வாங்கிய பத்துப் பேரில் இவர் மட்டும் ஏன் இப்படி?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு வியட்நாம் போரிலிருந்து ஒரு பதில் வந்தது. அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் சண்டையே.

போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் தூங்க முடியாமல், சத்தம் கேட்டால் பதுங்கிக்கொண்டு அலைந்தார்கள். போருக்கு எதிராக அமைப்பு கட்டிய முன்னாள் சிப்பாய்கள் 1970 வாக்கில் நியூயார்க்கில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷட்டன் போன்ற மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். அவர்கள் பத்து வருடம் வாதாடிய பிறகுதான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு’ என்ற பெயர் ஏறியது. நோய்க்காரணம் ஆளுக்கு வெளியே இருக்கிறது என்று அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது. ஓர் அரசியல் போராட்டம் வென்றெடுத்த பெயர் அது.

1995இல் பிரெம்னரும் மற்றவர்களும் இந்த முன்னாள் சிப்பாய்களின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருப்பதாகக் கண்டார்கள். போரின் அழுத்தம் அதைச் சுருக்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். 2002இல் கில்பர்ட்சனும் மற்றவர்களும் இரட்டையர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே கருவில் பிறந்தவர்கள், ஒருவர் போருக்குப் போனார், இன்னொருவர் போகவில்லை. போருக்குப் போய் நோயாளியானவரின் ஹிப்போகாம்பஸ் எப்படிச் சிறிதாக இருந்ததோ, வீட்டில் இருந்த சகோதரருக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அப்படியானால் சிறிய ஹிப்போகாம்பஸ் போரின் விளைவாக இல்லாமல் முன்பே இருந்த ஒரு பலவீனமாக இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். 

இந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு ‘பாருங்கள், பிரச்சினை அவர்கள் மூளையில்தான்’ என்று பேசுவது சுலபம். பட்டாளத்தில் ஆள் எடுக்கும்போதே வடிகட்டிவிடலாம் என்றுகூட அந்தத் தர்க்கம் போகும். அதே ஆய்வின் மறுபக்கத்தைப் பாருங்கள். வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் அதே சிறிய ஹிப்போகாம்பஸ். அவருக்கு அந்த நோய் இல்லை. அவர் போருக்குப் போகவில்லை. அவ்வளவுதான். ஒரே அளவு ஹிப்போகாம்பஸ், ஒரே மரபணு, ஒரே வீடு. இருவருக்கும் நடுவில் இருந்த பெரிய வித்தியாசம் வியட்நாம். பலவீனம் என்ற சொல் இல்லாமலேயே இந்த ஆய்வைச் சொல்ல முடியும்: சிலரை இடம் அதிகம் தொடுகிறது. தொடுவது இடம்தான்.

6

இந்தத் துறைக்குள்ளிருந்தே சொல்லைப் பற்றிய சுயவிமர்சனம் எழுந்ததையும் சொல்லியாக வேண்டும். அமிக்டலா பற்றிய ஆய்வால் உலகறிந்தவரான ஜோசப் லடூ, 2014இல் ஒரு கட்டுரை எழுதினார். எலி உறைந்து நிற்பதை ‘பயம்’ என்று சொன்னது தவறு, அச்சுறுத்தலைக் கண்டறிந்து உடம்பு எதிர்வினை செய்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும், பயம் என்பது அதைத் தன் அனுபவமாக உணர்கிற நிலைக்குரிய சொல் என்றார். தான் பல வருடம் புழங்கிய சொல்லைத் தானே திருத்திக்கொண்டவர் அவர். நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இது கைவந்தது?

உடம்பில் தெரிவது ஒன்று, உள்ளே உணர்வது இன்னொன்று. தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மெய்ப்பாட்டியல் ஞாபகம் வருவது இயல்பு. உடம்பின்வழி பிறருக்குப் புலப்படுவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம் ஒன்று. அது நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. உடனே ‘அன்றே நம் முன்னோர் மூளையை அறிந்திருந்தார்கள்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் எழுதியது கவிதையியல். எனக்கு அதில் உபயோகப்படுவது அந்தப் பட்டியலின் அமைப்பு. நான்குமே பயப்படுகிறவருக்கு வெளியே இருப்பவை. நான்காவது, தம்மை ஆளுகிறவர். 

ஆய்வகத்து எலிக்கு இந்த நான்கில் விலங்கு ஒன்றுதான் அனுமதிக்கப்படுகிறது. பூனை, பூனையின் வாடை, பருந்து வரக்கூடிய திறந்தவெளி. ஆனால் கூண்டைச் செய்து, கதவைப் பூட்டி, எந்த நிமிஷத்தில் மின்சாரம் பாயவேண்டும் என்று தீர்மானிக்கிற ஒருவர் இருக்கிறார். எலியின் உலகத்தில் அவர் இறை. அவர் கட்டுரையில் வருவதில்லை. பதற்றத்தின் ஆய்வகம் தொடர்ந்து விலங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது இறையைப் பற்றி யார் பேசுவது? அது நம் வேலை என்று நினைக்கிறேன். அதைச் செய்யாமல் பயப்படுகிறவர்களைக் கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

7

பயம் எப்படிப் போகும்? எலியை அதே கூண்டில் மின்சாரமில்லாமல் திரும்பத் திரும்ப விட்டால் உறைவது குறைகிறது. பயம் தணிகிறது. அழிந்துவிட்டதா என்றால் இல்லை. மார்க் பூட்டன் பல வருடம் செய்த சோதனைகள் காட்டியது இது: ஓர் இடத்தில் ஒலிமீதான பயத்தை உண்டாக்கி, வேறோர் இடத்தில் அதைத் தணித்து, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் பயம் திரும்பி வருகிறது. ‘இங்கே ஆபத்து இல்லை’ என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ‘எங்கேயும் இல்லை’ என்று கற்பதில்லை. 2001இல் கார்க்கோரன், மாரன் இருவரும் ஹிப்போகாம்பஸைத் தற்காலிகமாக முடக்கினால் இந்த இட வேறுபாடு இல்லாமல் போவதைக் காட்டினார்கள். எந்த இடத்தில் பாதுகாப்பு, எந்த இடத்தில் இல்லை என்று கணக்கு வைத்திருப்பதிலும் ஹிப்போகாம்பஸுக்குப் பங்கு உண்டு.

இதற்கு நடைமுறையில் ஓர் அர்த்தம் இருக்கிறது. ஆலோசனை அறையில் தணிந்த பயம் தெருவில் திரும்பி வரும். அரங்கக் கூட்டத்தில் முழங்கிய வீரம் காவல் நிலைய வாசலில் இருக்காது. இது யாருடைய குறையும் இல்லை. தைரியத்தை அந்தந்த இடத்தில்தான் கற்க முடியும், அதுவும் அங்கே உண்மையிலேயே ஆபத்து குறைந்திருந்தால். மின்சாரம் இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிற கூண்டில் எலியைத் திரும்பத் திரும்ப விட்டால் அது கற்பது பயத்தைத்தான்.

இன்னொரு சோதனை என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. 2013இல் எம்.ஐ.டி.யில் டொனேகாவாவின் குழு, ஒரு சுண்டெலி ஒரு பெட்டியில் சும்மா இருந்தபோது ஹிப்போகாம்பஸில் துடித்த உயிரணுக்களை அடையாளமிட்டு வைத்தது. பிறகு வேறொரு பெட்டியில் அதே உயிரணுக்களை ஒளியால் தூண்டிக்கொண்டே மின்சாரம் பாய்ச்சினார்கள். அப்புறம் சுண்டெலி முதல் பெட்டியில் உறைந்து நின்றது. அங்கே அதற்கு ஒன்றுமே நடந்ததில்லை. ஒரு குற்றமும் செய்யாத ஓர் இடத்தின்மீது பயத்தை ஏற்றிவிட முடிகிறது. சுண்டெலியிலிருந்து சமூகத்துக்கு ஒரே தாவலாகத் தாவக்கூடாது என்பது எனக்குத் தெரியும். நம்மில் யாருடைய மண்டையிலும் ஒளிநார் செருகவில்லை. ஆனாலும் போயே இராத சேரிகளைப் பற்றி, போயே இராத முஸ்லிம் தெருக்களைப் பற்றி ‘அங்கல்லாம் போகாதீங்க’ என்று சொல்கிறவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு அங்கே ஒன்றும் நடந்ததில்லை. வேறெங்கோ யாரோ கொடுத்த அதிர்ச்சி இந்தத் தெருவோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே எல்லாப் பயத்தையும் ‘உடம்பின் உண்மை’ என்று கும்பிட்டுவிடவும் முடியாது. எங்கே, யாரால் என்ற கேள்வியை அங்கேயும் கேட்டாக வேண்டும். அண்ணனின் பயம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். அவர்களுடைய பயம் திணறும்.

மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லி நான் எழுதவில்லை. அண்ணன் போடுகிறார், அது அவருக்குச் சில ராத்திரிகளைக் கொடுத்திருக்கிறது. மாத்திரை கொடுக்கிறவர் அந்தத் தெருவைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

படித்ததையெல்லாம் டீக்கடையில் வைத்து அண்ணனிடம் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். சாப்பாடு அந்தப் பக்கம் இருந்தால்தான் எலிக்குப் பதட்டமே வரும் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘ஏன் தம்பி, நான் போக மாட்டேன்னு எப்பச் சொன்னேன்? நெதமும் இதுவரைக்கும் வர்றேன்ல’ என்றார். அன்றைக்கும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மார்க்கெட் வழியாகத்தான் போனார். 

அடுத்த சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவரைப் பற்றி ‘பயந்துட்டாரு’ என்று சொன்னால், எந்த இடத்தில், யாரிடம் என்று திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன். அந்தத் தெரு வழியாகச் சேர்ந்து போக யாரெல்லாம் வருகிறீர்கள் என்றும்.